மினி பஸ்ஸில் ஏழாம் மடை

மேலப்பாளையத்திலிருந்து கோபாலசமுத்திரம் போகும் அந்த மினி பஸ்ஸில் பாடகன் முன்னீர்பள்ளத்தில்தான் ஏறுவான். கண்டக்டர் இசக்கிதுரை சொல்லும் கணக்கு இது. வண்டி நகர்ந்ததும் டிரைவர் ஹசன் அலி பாட்டைப் போட்டுவிடுவார். மடைப் பலகையின் இடுக்கில் தண்ணீர் கசிகிற மாதிரி ஓர் ஆர்கன் மெல்லக் கசிந்து வரும். பிறகு டிரம்ஸ் சேரும், பிறகு கிட்டார், அதற்கும் பிறகு ஒரு புல்லாங்குழல். கருங்குளம் தாண்டிவிடும். ஒருவனும் வாயைத் திறந்திருக்க மாட்டான்.

"ஏன் பாய், இது பாட்டா, இல்ல பாட்டுக்கு முந்தி வருத மியூசிக்கா?" என்று புதிதாக ஏறியவர் யாராவது கேட்பார்.

"கொஞ்சம் பொறும்வே. பாடுதவன் முன்னீர்பள்ளம் ஸ்டாப்புல நிக்கான். ஏறுனதும் பாடுவான்," என்பார் இசக்கிதுரை, டிக்கெட் கிழித்துக்கொண்டே.

சொன்ன மாதிரியே பன்னிரண்டாவது நிமிடத்தில், முன்னீர்பள்ளம் பக்கத்தில், ஒரு குரல் எழும்பும். பிரெஞ்சு மொழியில் நான்கே வரி. அவ்வளவுதான், அவனும் இறங்கிவிடுவான். மறுபடி வாத்தியங்கள். மொத்தம் இருபத்தொரு நிமிடம்.

ஹசன் அலிக்கு வயது ஐம்பத்தேழு. மேலப்பாளையத்துக்காரர். அபுதாபியில் பதினான்கு வருடம் கார் ஓட்டியவர். கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றில் ஜெரார் என்ற பிரெஞ்சு இன்ஜினியர் இருந்தார். அவருக்குத்தான் ஓட்டினார். ஜெரார் காரில் ஏறினால் பேச மாட்டார். ஒரே ஒரு கேசட்டைப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார். ஹசன் அலி முதல் ஆறு மாதம் அதைத் தலையெழுத்து என்று சகித்துக்கொண்டார். ஏழாவது மாதம், சிக்னலில் வண்டி நின்ற ஒரு மதியத்தில், தன் விரல் ஸ்டியரிங்கில் தாளம் போடுவதை அவரே கவனிக்கவில்லை. பின்சீட்டிலிருந்தவர் கவனித்தார்.

"அலி! நீ ஏழு எண்ணுகிறாய்!"

அந்தப் பாட்டின் தாளம் ஏழு ஏழாக ஓடுகிறது. நாலு நாலாக எண்ணிப் பழகிய ஐரோப்பியர்கள் அதில் தட்டுத்தடுமாறி விழுவார்களாம். கோயில் கொடைகளில் நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்த திருநெல்வேலிக்காரன் ஏழு என்ன, ஏழரை கொடுத்தாலும் எண்ணிவிடுவான். முப்பது வருடத்தில் தன் பாட்டுக்குச் சரியாகத் தாளம் போட்ட முதல் ஆள் நீதான் என்று ஜெரார் சொன்னபோதுதான் ஹசன் அலிக்கு விஷயமே தெரிந்தது. அந்த ஆர்கனை வாசித்தவர் பின்சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பிரான்சின் வடக்கே, வாய்க்கால்களில் சரக்குப் படகுகள் ஓடும் ஒரு சிற்றூர். படகை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்றி இறக்க அங்கே வாய்க்காலின் குறுக்கே பெரிய கதவுகள் உண்டு. ஊரில் இருந்தது வரிசையில் ஏழாவது கதவு. அதன் பெயரையே வாலிபர்கள் தங்கள் குழுவுக்கு வைத்தார்கள்: லா செத்தியேம் எக்லூஸ். நம் வழக்கில் ஏழாம் மடை. மூன்று நிமிடப் பாட்டில் என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்டு, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டாக நீட்டியவர்கள் அந்தக் காலத்தில் பலர் இருந்தார்கள். புரோகிரசிவ் ராக் என்று அதற்குப் பெயர். சிலர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். ஏழாம் மடை 1974இல் ஒன்று, 76இல் ஒன்று என்று இரண்டு இசைத்தட்டு போட்டது. ஒரு பத்திரிகை ஒன்பது வரி விமர்சனம் எழுதியது. அதில் நான்கு வரி அட்டைப்படத்தைப் பற்றி. பிறகு குழு கலைந்தது. ஜெரார் இன்ஜினியர் ஆனார்.

வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது அவர் கேசட்டையும், இசைத்தட்டின் அட்டையைப் படம் எடுத்த ஒரு போட்டோவையும் ஹசன் அலியிடம் கொடுத்தார். ஹசன் அலியும் ஊர் திரும்பி மினி பஸ் ஓட்டத் தொடங்கினார்.

இந்தப் பாட்டைப் பஸ்ஸில் போடவேண்டும் என்று அவர் ஆரம்பத்தில் நினைக்கவில்லை. போட வைத்தது ஊர்.

வழியில் ஓர் ஊர் இருக்கிறது. பெயர் வேண்டாம், எந்தப் பெயரைப் போட்டாலும் பத்து ஊருக்குப் பொருந்தும். அந்த ஒரே ஊருக்கு இரண்டு நிறுத்தம். இரண்டுக்கும் நடுவே நூற்றெண்பது அடி. ஒரு தெருக்காரர்கள் நிற்கும் நிழலில் இன்னொரு தெருக்காரர்கள் நிற்க மாட்டார்கள் என்பதற்காக, டீசல் விற்கிற விலையில், ஒரு பஸ் நூற்றெண்பது அடிக்குள் இரண்டு தடவை பிரேக் போடுகிறது. நிலவுக்குக் கலம் அனுப்பிய தேசம் இது.

தெற்கத்திப் பக்கம் பஸ்ஸில் போடும் பாட்டு வெறும் பாட்டல்ல. தாத்தா அரிவாள் எடுத்ததை வீரம் என்று புகழ்ந்தும், அதைக் கேட்கிற பேரனை மீசை முறுக்கச் சொல்லியும் ஒவ்வொரு சாதிக்கும் பாட்டு உண்டு. பேரனுக்கு மீசை முளைத்திருக்காது. நான்கு வருடத்துக்கு முன் வேறொரு டிரைவர் அப்படியொரு பாட்டைப் போட, இரண்டாவது நிறுத்தத்தில் கல் வந்தது. கண்ணாடி உடைந்து, ஜன்னலோரம் இருந்த நர்ஸ் ஜெமிமாவின் புருவத்துக்கு மேலே நான்கு தையல். எறிந்தவனின் அக்காவுக்குப் பிரசவம் பார்த்தவர் அவர்தான். இனிமேல் பாட்டே கிடையாது என்று பஸ் முதலாளி காந்திமதிநாதன் உத்தரவு போட்டார்.

பஸ் அமைதியாகிவிடவில்லை. முன்சீட்டில் ஒரு கூட்டம் தன் செல்போனில் தன் பாட்டைப் போட்டது. பின்சீட்டில் இன்னொரு கூட்டம் அதைவிடச் சத்தமாகத் தன் பாட்டைப் போட்டது. நடுவில் ஜெமிமா கையால் புருவத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்த ஹசன் அலி, நான்கு ஸ்பீக்கரையும் முழுதாகத் திருகி, கேசட்டிலிருந்து தன் போனில் ஏற்றி வைத்திருந்த ஏழாம் மடையை அவிழ்த்துவிட்டார்.

இரண்டு கூட்டமும் வாயடைத்துப் போனது. எதிர்ப்பதற்குக்கூட ஒரு பிடி வேண்டாமா? யார் பாட்டு இது, யாரைப் புகழ்கிறது, யாரை ஏசுகிறது என்று ஒருவனுக்கும் விளங்கவில்லை. அன்றிலிருந்து மூன்று வருடம் அந்த பஸ்ஸில் ஏழாம் மடை பாய்ந்தது. கல் வராததால் முதலாளியும் தன் உத்தரவை மறந்த மாதிரி இருந்துவிட்டார். ஜனங்களும் பழகிக்கொண்டார்கள். "என்ன பாய், கொழல் வரதுக்குள்ள முன்னீர்பள்ளம் வந்துட்டு? பைய ஓட்டுங்க," என்று ஜெமிமாவே அதட்டுவார்.

ஹசன் அலி செய்த பிழை ஒன்றுதான். மற்ற டிரைவர்கள் சாமி படமோ நடிகர் படமோ ஒட்டுகிறார்களே, நாமும் ஒட்டினால் என்ன என்று ஆசைப்பட்டார். ஜெரார் கொடுத்த போட்டோவைப் பிளெக்ஸ் கடையில் பெரிதாக்கி, தன் சீட்டுக்குப் பின்னால் ஒட்டினார். ஒரு வாய்க்கால் கதவு. பாதி ஒரு நிறம், பாதி வேறொரு நிறம். கீழே நான்கு பெயர்கள்.

எந்த இரண்டு நிறம் என்று எழுதாமல் விடுவதே நல்லது. எழுதினால் இந்தப் பக்கத்துக்கும் ஒரு தெரு சொந்தம் கொண்டாடும். முதல் நிறுத்தத்துப் பையன்கள் கையில் கட்டும் கயிற்றின் நிறமும், அவர்கள் கொடிக்கம்பத்தின் நிறமும் அதுதான்.

மறுநாளே அவர்கள் படத்துக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். ஆர்கன் தொடங்கியதும் விசில் அடித்தார்கள். பாலிடெக்னிக்கில் படிக்கும் சிவகணேஷ் என்ற பையன் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் வைத்து, கீழே இரண்டு சிங்க எமோஜியையும் போட்டான். இரண்டாவது நிறுத்தத்து அருணாசலமும் அதே பாலிடெக்னிக்கில் அதே வகுப்பில் படிப்பவன். அவன் பஸ்ஸில் ஏறிப் படத்தைப் பார்த்தான். ஹசன் அலியைப் பார்த்தான். ஏறிய வேகத்திலேயே இறங்கிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காந்திமதிநாதன் போன் செய்தார்.

"வே ஹசன் அலி, நீரு எப்பவே அவனுவ ஆளானீரு?"

"அண்ணாச்சி, அது பிரான்சுக்காரன் வரைஞ்ச படம்."

"பிரான்சுக்காரனா வந்து கண்ணாடி மாத்தித் தருவான்? போன தடவ அந்தப் பிள்ளைக்கு நாலு தையல். அடுத்த தடவ கண்ணுல பட்டா? வெள்ளிக்கிழம காலையில நானே வண்டியில வருவேன். படம், பாட்டு, எதுனாலயும் ஒரு பய மொறைச்சான்னு வையும், சாவியக் குடுத்துட்டு இறங்கிரும்."

ஐம்பத்தேழு வயதில் இன்னொரு முதலாளியைத் தேடுவது லேசான காரியமல்ல. மனைவி அக்தர் பானு சோற்றைப் போட்டுக்கொண்டே, "அந்த மூதிப் படத்தக் கிழிச்சுப் போட்டுட்டு ஓட்டுங்க," என்றார்.

"கிழிச்சா அந்தக் கலர் அவனுவளதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆவும்? எங்க கலரக் கிழிச்சிட்டான்னு மொத ஸ்டாப்புக்காரன் வருவான். கிழிக்கலன்னா ரெண்டாவது ஸ்டாப்புக்காரன் வருவான்."

"அப்பம் யாரு வந்தாலும் அடிதான்னு சொல்லுங்க," என்று பானு குழம்பை ஊற்றினார்.

புதன்கிழமை சாயங்காலம் இரண்டு பேருமே வந்தார்கள். சிவகணேஷ் தலைமையில் ஏழெட்டுப் பேர், அருணாசலம் தலைமையில் ஏழெட்டுப் பேர். அவரவர் நிறுத்தத்தில் ஒருவனும் இறங்கவில்லை. கோபாலசமுத்திரம் வரை வந்துவிட்டார்கள். அங்கே வண்டி திரும்புவதற்கு முன் பன்னிரண்டு நிமிடம் நிற்கும்.

"ஸ்டாப்பு தாண்டியாச்சு. டிக்கெட் எடுங்கலே, பொறவு சண்டை போடுங்க," என்றார் இசக்கிதுரை.

அருணாசலம் படத்துக்கு முன் வந்து நின்றான். "பாய், ரெண்டுல ஒண்ணு. இந்தப் படத்த எடுங்க. இல்லன்னா இதே அளவுல எங்க கலர்லயும் ஒண்ணு ஒட்டுங்க."

"எங்க கலர என்னத்துக்குலே எடுக்கணும்?" என்று சிவகணேஷ் எழுந்தான். "எடுத்தா நாங்க சும்மா இருப்போமா?"

ஹசன் அலி என்ஜினை அணைத்தார். "ஏலே சிவகணேஷ், படிச்ச பய நீ, உண்மையச் சொல்லு. இந்தப் பாட்டு உனக்குப் புடிக்குமா?"

சிவகணேஷ் தன் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தான். "தலவலி வரும் பாய். ஆனா எங்க பாட்டுல்லா."

அருணாசலம் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஹசன் அலிக்குச் சிரிப்பு வரவில்லை.

"யாரு பாட்டுன்னு வாசிச்சவர்ட்டயே கேப்போம்," என்று அவர் பஸ் ஸ்பீக்கரோடு இணைந்திருந்த தன் போனை எடுத்தார். பிரான்சில் மதியச் சாப்பாட்டு நேரம். மணி நாலாவது தடவை அடித்ததும், பஸ்ஸின் நான்கு ஸ்பீக்கரிலும் ஒரு கிழக்குரல், "அலி!" என்றது. பையன்கள் திடுக்கிட்டார்கள். கேட்டுக் கேட்டு அலுத்த பாட்டுக்குள் ஓர் உயிருள்ள மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர்கள் நினைத்ததே இல்லை.

அபுதாபியில் இருவருக்கும் ஒரு பாஷை உருவாகியிருந்தது. பாதி இங்கிலீஷ், பாதி அரபு, உப்புக்குக் கொஞ்சம் பிரெஞ்சு. அதில் ஹசன் அலி முதலில் நிறத்தைப் பற்றிக் கேட்டார். ஜெரார் சிரித்தார். வாய்க்கால் கதவுக்கு அடித்தது போக அவர் மாமாவின் கொட்டகையில் மிச்சம் கிடந்தது அந்த இரண்டு பெயிண்ட்தானாம். அட்டைப்படம் வரைய வேறு பெயிண்ட் வாங்கக் காசில்லை.

"கேட்டியளாலே? மிச்சப் பெயிண்டுக்கு ரெண்டு சிங்கத்த வேற போட்டிய," என்றார் இசக்கிதுரை.

சிவகணேஷுக்கு முகம் சிவந்தது. விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "அது கெடக்கட்டும். அவரு என்ன சாதின்னு கேளுங்க பாய்."

பதினான்கு வருடப் பாஷையில் அந்த ஒரு சொல்லுக்கு ஹசன் அலிக்குத் தேவை வந்ததில்லை. சுற்றி வளைத்துத்தான் கேட்டார். பிறப்பிலேயே ஒருவன் மேலே, ஒருவன் கீழே என்பது. ஒருவன் பக்கத்தில் ஒருவன் நிற்கமாட்டேன் என்பது. இன்ன பேருள்ளவன் இன்ன இடத்துக்கு ஆகாது என்பது. உங்கள் குழுவில் அப்படி எதுவும் உண்டா? கேட்கும்போதே பதில் அவருக்குத் தெரியும். இல்லை என்று சொல்வார். அந்தப் பாட்டைப் பஸ்ஸில் போட்ட நாள் முதல் ஹசன் அலி தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த பதில் அது.

 ஸ்பீக்கரில், தட்டில் கரண்டியை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஜெரார் நிறுத்தி நிறுத்திப் பேசினார். பேசப் பேச ஹசன் அலியின் முகம் மாறியது.

"என்ன சொல்லுதாரு?" என்றான் அருணாசலம்.

அங்கே அவருக்கு ஒரு சௌகரியம் இருந்தது. பஸ்ஸில் இருந்த பதினாறு பேருக்கும் அந்தப் பாஷை தெரியாது. அங்கெல்லாம் அப்படி ஒன்றும் கிடையாது என்று ஒரு வரி சொன்னால் போதும். பாட்டு பிழைக்கும், சாவியும் பிழைக்கும்.  ஆனால் ஹசன் அலி முழுதாகச் சொன்னார்.

"படத்துல நாலு பேருல்லா இருக்கு? அவங்க நாலு பேரு இல்லியாம், அஞ்சு பேராம். டிரம்ஸ் அடிச்சவன் பேரு சுலைமான். அவன் வாப்பா அல்ஜீரியாவுலருந்து அந்த வாய்க்கால்ல சகதி அள்ளுத வேலைக்கு வந்தவராம். இந்தப் பேர அட்டையில போட்டா தட்டு விக்காதுன்னு கம்பெனிக்காரன் சொல்லியிருக்கான். இவங்க நாலு பேரும் வாயத் தொறக்கல. அவன் கடையில போயி அட்டையப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டானாம். ஒண்ணும் கேக்கலியாம். ரெண்டாவது தட்டுலயும் அதே கதைன்னதும் குச்சிய வெச்சிட்டுப் போயிட்டான். அவன் போனதோட எங்களுக்கு ஏழு எண்ண ஆளில்லங்காரு. அதான் கலைஞ்சுதாம்."

இருபத்தொரு நிமிடமும் ஹசன் அலியின் விரல் எந்த டிரம்ஸைப் பின்தொடர்ந்ததோ, அதை அடித்தவன் பெயர்தான் படத்தில் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத பாட்டு என்று அவர் நம்பியிருந்ததிலும் ஒருவனை வெளியே நிறுத்தித்தான் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

"அப்பம் அங்கனயும் உண்டா?" என்றான் சிவகணேஷ். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"எத்தன தட்டு வித்துச்சாம்?" என்று அருணாசலம் கேட்டான்.

ஹசன் அலி கேட்டுச் சொன்னார். "முந்நூத்திப் பத்து."

"முந்நூத்திப் பத்துக்கா ஒரு மனுசன் பேர முழுங்குனானுவ?"

"ஏன்லே, மூணு லச்சம் வித்திருந்தா முழுங்கலாமாக்கும்?" என்றார் ஹசன் அலி. அவருக்குக் கோபம் வந்து இசக்கிதுரை பார்த்ததே இல்லை. "அவனுவ பேர முழுங்குனானுவ. நீங்க நிழலப் பங்கு போடுதிய. ஒரே பெஞ்சுல படிச்சிட்டு வந்து ரெண்டு ஸ்டாப்புல நிக்கிய. அவரு அம்பது வருசம் கழிச்சாவது தப்புன்னு சொல்லுதாரு. நீங்க எப்பம் சொல்லப் போறிய?"

 ஸ்பீக்கரிலிருந்து ஜெரார், என்ன ஆயிற்று என்று கேட்டார். பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி ஹசன் அலி போனை வைத்தார். 

"டிரம்ஸ்தான் பாய் அதுல கேக்குத மாதிரி இருக்கும்," என்று சிவகணேஷ் படத்தைப் பார்த்தபடியே சொன்னான்.

"அப்பம் அந்தப் பேர எழுதுங்க. எழுதிட்டுப் போடுங்க," என்றான் அருணாசலம். தன் பையிலிருந்து படம் வரைகிற மார்க்கரை எடுத்து நீட்டினான். நான்கு பிரெஞ்சுப் பெயர்களுக்குக் கீழே, டிரம்ஸ்: சுலைமான் என்று ஹசன் அலி தமிழில் எழுதினார். அவர் தெருவிலேயே ஒன்பது சுலைமான்கள் உண்டு. எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது.

அன்றோடு இரண்டு நிறுத்தமும் ஒன்றாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் நடக்கவில்லை. திரும்பும்போது அருணாசலம் இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கினான், சிவகணேஷ் நூற்றெண்பது அடி தள்ளி முதல் நிறுத்தத்தில் இறங்கினான். ஆனால் வியாழக்கிழமை ஆர்கனுக்கு யாரும் விசில் அடிக்கவில்லை. சிங்கங்களும் வாட்ஸ்அப்பிலிருந்து இறங்கிவிட்டன. மிச்சப் பெயிண்டுக்குச் சலாம் போடுவதற்கு எவனுக்கும் முகமில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குக் காந்திமதிநாதன் வெள்ளை வேட்டியோடு வந்து, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தார். படத்தை உற்றுப் பார்த்தார்.

"சுலைமான் யாருவே? உம்ம சொக்காரனா?"

"டிரம்ஸ் அடிச்சவன் அண்ணாச்சி. இன்னும் ரெண்டு நிமிசத்துல வருவான்."

"வரட்டும்," என்று அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

ஹசன் அலி பாட்டைப் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு அந்தப் பாட்டு கேட்கவே இல்லை. கண்ணாடியில் பின்சீட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். கருங்குளம் போனது. முன்னீர்பள்ளத்தில் ஜெமிமா இறங்கினார், பாடகன் ஏறினான், பாடினான், இறங்கினான். திரும்பும் வண்டியில் சீட் பிடிப்பதற்காக முதல் நிறுத்தத்தில் நாலு பேர் இப்போதே ஏறினார்கள். இரண்டாவதில் ஐந்து பேர். அருணாசலம் படத்தைக் கடக்கும்போது ஒரு கணம் நின்று பெயரைப் படித்தான். ஹசன் அலி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். அவன் நகர்ந்து பின்னால் போனான். அதற்குப் பிறகு பின்சீட்டில் குசுகுசுவென்று ஏதோ நடந்தது, செல்போன்கள் உயர்ந்தன. என்னவென்று ஹசன் அலிக்குத் தெரியவில்லை. பிராஞ்சேரி வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

கோபாலசமுத்திரத்தில் வண்டியை நிறுத்தித் திரும்பினார். காந்திமதிநாதன் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி," என்று இசக்கிதுரை தோளைத் தொட்டார்.

முதலாளி விழித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். "ஒருத்தனும் சண்டை போடலியே?"

"எங்கன போட? ரெண்டு கூட்டமும் சேந்து உங்க கொறட்டையல்லா வீடியோ எடுத்துட்டு வந்தானுவ."

காந்திமதிநாதன் கொஞ்சநேரம் முறைத்தார். பிறகு வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "கருங்குளத்துலயே கண்ணு செருகிட்டுவே. நாலு மாசமா எனக்கு உறக்கம் கெடையாது, தெரியுமா? இந்தப் பாட்டுல எங்கவே கலவரம் வரும்? போட்டுட்டு ஓட்டும்." இறங்கிப் போனவர் திரும்பி வந்தார். "அத எனக்கும் போன்ல அனுப்பி வையும்."

சாவி கையில் இருந்தது, பாட்டும் பஸ்ஸில் இருந்தது. இருந்தாலும் ஹசன் அலிக்கு மனது கொஞ்சம் சுருங்கிவிட்டது. இருபத்தொரு நிமிடத்தை ஒருவர் தூக்க மாத்திரையாகவா எடுத்துக்கொள்வது?

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது ஜெராரிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்திருந்தது. சுலைமான் உயிரோடு இருக்கிறார், விலாசம் கிடைத்துவிட்டது, கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன், பதில் வருமா தெரியாது என்றார். முதலாளி வண்டியில் வரப்போவதை ஹசன் அலி முந்தின நாளே சொல்லியிருந்ததால், கடைசியில், முதலாளிக்கு நம் பாட்டு எப்படி இருந்தது என்று ஒரு கேள்வி.

ஹசன் அலி போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "மொதலாளி தூங்கிட்டாருன்னு அந்த மனுசன்ட்ட எப்படிச் சொல்ல?"

"உள்ளதச் சொல்லுங்க," என்று அக்தர் பானு தட்டை வைத்தார். "அதக் கேட்டா உறக்கந்தான் வருதுன்னு நானும் நீங்க அபுதாபியிலருந்து வந்த நாள்லருந்து சொல்லுதேன்லா."